சூடு கண்ட நகம்

எனக்கு நகம் கடிக்கிற வழக்கம் உண்டு. சாதாரணக் கடி இல்லை. மார்ச் 31 நெருங்கும்போது எங்கள் ஆடிட் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர், "ஏன் ஸார், இன்னிக்கு டிபன் கொண்டு வரலையா?" என்று விசாரிக்கிற அளவுக்குக் கடி.

இப்பேர்ப்பட்டவன் நகத்தைப் பலப்படுத்துவது பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் அதற்கு அக்காதான் காரணம்.

அக்கா குரோம்பேட்டையில் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். பத்துக்குப் பன்னிரண்டு ரூம். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, உதவிக்கு ஒரு பெண். சுவரில் பெருமாள் படம். பெருமாளுக்கு நேர் கீழே பாங்க் லோன் தவணைத் தேதியைச் சிவப்பு இங்க்கில் வட்டமிட்ட காலண்டர். காலையில் கடையைத் திறந்ததும் அக்கா கும்பிடுவது இரண்டில் எதை என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கணக்கு எழுதித் தர நான் சனிக்கிழமை சாயங்காலம் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமையில்தான் அதைப் பார்த்தேன். மூன்று பெண்கள் வந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள், வாட்சைப் பார்த்தார்கள், "அப்புறமா வரோம்" என்று எழுந்து போனார்கள். தமிழில் ‘அப்புறமா வரோம்’ என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம்.

"ஏன்க்கா போயிட்டாங்க?"

"நகத்துக்கு வந்தவங்கடா. ஒருத்தருக்கு அம்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது. நான் என்ன பண்றது?"

புதிதாக அவள் ஆரம்பித்திருந்த சிகிச்சை அது. பெயர் பெரிசு: ‘ஹீட் ஆக்டிவேட்டட் நெயில் ஸ்ட்ரெங்தனிங்’. சூடு காட்டி நகத்தை உறுதியாக்குவது. "நம்ம வீட்ல நல்லெண்ணெயை லேசா சூடு பண்ணித் தடவினா போதாதா?" என்று அம்மா கேட்டாள். அம்மா கேட்டதில் பாதி நியாயம் இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

நகம் என்பது கெரட்டின். தலைமுடி, மாட்டுக்கொம்பு எல்லாம் இதே ஜாதிச் சரக்கு. வெளியே தெரிகிற நகத்தில் உயிர் கிடையாது. அது மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. பேக்கரி முட்டை பப்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாளைக்கு இருபது தரம் பாத்திரம் தேய்த்துக் கை துடைக்கிற பெண்ணின் நகம் இருபது தரம் உப்பிச் சுருங்குகிறது. போதாக்குறைக்கு பாலிஷை அழிக்க அஸிட்டோன். கடைசியில் பப்ஸ் பிரிகிற மாதிரி நுனியில் அடுக்கடுக்காகப் பிரியும்.

இந்தப் பிரிந்த அடுக்குகளுக்குள் ஒரு திரவத்தை இறக்கி, உள்ளேயே கெட்டியாக்குவதுதான் சிகிச்சை. வீட்டுச் சுவர் விரிசலில் கொத்தனார் சிமென்ட் பால் விடுவார் இல்லையா, அதே வித்தை. இதில் சூட்டுக்கு என்ன வேலை? மார்கழிக் குளிரில் நெய் ஸ்பூனை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கொஞ்சம் சூடு காட்டினால் ஓடும். அவ்வளவுதான். சூடு திரவத்தை இளக்கி உள்ளே இறங்க வைக்கிறது. கெட்டியாக்குவது சூடு இல்லை, அதற்கப்புறம் வைக்கிற எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம். ஆக, பெயரில் இருப்பது பாதி உண்மை. (சினிமா போஸ்டர் மாதிரி.)

நான் கணக்குப்பிள்ளை. ஒரு நோட்டுப்புத்தகமும் ஸ்டாப் வாட்சும் எடுத்துக்கொண்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வந்த பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்து, "இன்கம்டாக்ஸா?" என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார்.

அளந்ததில் கிடைத்த கணக்கு இது. பழைய பாலிஷை அழிப்பது, கடைசியில் எண்ணெய் தடவி அனுப்புவது, இரண்டுக்கும் சேர்த்து 11 நிமிஷம். ராவி ஒழுங்குபடுத்தி எண்ணெய்ப் பசை போகத் துடைக்க ஒரு கைக்கு 5. ஒரு பூச்சுக்கு ஒன்றரை. பூசியதும் வெதுவெதுப்பான காற்று 5. மேலே மிஞ்சினதைத் துடைத்து விளக்கில் வைக்க 2. ஒரு கைக்கு இரண்டு பூச்சு. கூட்டிப் பாருங்கள், 55 வரும்.

இதில் 20 நிமிஷம் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஹேர் டிரையரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ஹோஸ் பைப்பால் தோட்டத்துக்குத் தண்ணீர் காட்டுகிறவர் மாதிரி.

"அக்கா, காலையில் வீட்ல இட்லி ஊத்தறியே, ஒரு ஈடு வேகற வரைக்கும் அடுப்பு முன்னாடி கை கட்டி நிப்பியா?"

"சட்னி அரைப்பேன்."

"அதையே இங்கேயும் பண்ணு."

அன்றைக்கே ஹேர் டிரையர் மாட்ட ஒரு ஸ்டாண்ட் வாங்கினோம். இடது கையை ராவிப் பூச்சு போட்டுக் காற்றில் வை. அது வெதுவெதுப்பாகிற ஐந்து நிமிஷத்தில் வலது கையை ராவு. வலது கை காற்றுக்குப் போனதும் இடது கையைத் துடை, விளக்கில் வை, இரண்டாம் பூச்சு போடு. மறுபடி கை மாற்று. ஒரு கை வேகும்போது இன்னொரு கைக்குச் சட்னி.

55 நிமிஷம் 40 ஆயிற்று. நாலு மணியிலிருந்து எட்டு மணிக்குள் நாலு பேருக்குப் பதில் ஆறு பேர். யாரும் அவசரப்படவில்லை, யாருக்கும் எதுவும் குறையவில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஒருவர் என்று போனில் நேரம் கொடுத்துவிட்டதால் ‘அப்புறமா வரோம்’ கோஷ்டியும் காணாமல் போயிற்று. அந்த மாசத் தவணை தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே கட்டினோம். அக்கா எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனுஷ புத்தி எங்கே நிற்கும்? ஆறு பேர் என்றதும் எட்டு பேர் ஆக்கினால் என்ன என்று தோன்றியது. எட்டு பேர் என்றால் ஒருவருக்கு 30 நிமிஷம். நோட்டில் ‘மிச்சம்’ என்று தலைப்புப் போட்டு எழுதினேன். டிரையரைக் குறைந்த சூட்டிலிருந்து கூடின சூட்டுக்கு மாற்றினால் ஐந்து நிமிஷம் இரண்டரை ஆகும். மேலே மிஞ்சின திரவத்தை நகம் நகமாகத் துடைக்காமல் ஒரே இழுப்பு. தோலில் வழிந்ததைக் குச்சி தேடி எடுக்காமல் விரலாலேயே வழித்துவிடலாம். நடுவில் கையுறை மாற்றுகிறாளே, அது வேண்டாம்: 2 நிமிஷம். இப்படி ஒவ்வொன்றாக.

முதல் சனிக்கிழமை எட்டு பேர். நான் கர்வத்தோடு மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை, நாளெல்லாம் நோட்டு எண்ணுகிற பாங்க் காஷியர் அம்மா ஒருவர் டிரையரின் கீழிருந்து "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டார். அவர் நகம் பூச்சி ரெக்கை மாதிரி மெலிசு. மெலிந்த நகத்துக்கு அடியில் சூடு சீக்கிரம் உறைக்கும். விளக்கில் வைத்ததும் மறுபடி "ஆ!". திரவம் கெட்டியாகும்போது அதுவே சூட்டைக் கக்கும். மேலே மிஞ்சினதைச் சரியாகத் துடைக்காததால் அங்கே தடிமனாக நின்றது. தடிமன் கூடினால் சூடும் கூடும். அக்கா மன்னிப்புக் கேட்டுப் பணம் வாங்காமல் அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் வேறு இருவர் திரும்பி வந்தார்கள். துடைக்காமல் விட்டது நகத்துக்குள் போகாமல் மேலேயே ஏடாகப் படிந்து, வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்திருந்தது. அவர்களுக்கு மறுபடி இனாமாகச் செய்ததில் நான் மிச்சம் பிடித்த நிமிஷமெல்லாம் வட்டியோடு போயிற்று.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சப்பாத்தி மாவை மாமா பிசைந்துகொண்டிருந்தார். மாமா சமையல்கட்டுக்குள் வருவது உலக அதிசயங்களில் ஒன்று. "என்ன விசேஷம் மாமா?" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

வாங்கிப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனி சிவந்து, வறண்டு, கோடு கோடாக வெடித்திருந்தது. "பாத்திரம் தேய்க்கற சோப்புடா" என்றாள். நாலு வாரமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம், மாமாவிடமும், தன்னிடமும்.

தோல் டாக்டர் விரலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பார்லர்ல ஜெல் வேலை பண்றீங்களா?" முதுகில் பட்டை பட்டையாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்துச் சொன்னார். மெத்தாக்ரிலேட் அலர்ஜி. நகத்தைக் கெட்டியாக்கும் அந்தத் திரவத்தில் இருக்கிற சரக்கு. கெட்டியான பிறகு அது சாது. கெட்டியாவதற்கு முன் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு ஒருநாள் கோபித்துக்கொள்ளும். ஒருமுறை கோபித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் சமாதானம் ஆகாது. அந்த ரகத்தில் அப்புறம் ஒரு துளிகூட ஆகாது.

"கையுறை போடறதில்லையா?"

"போடறேன் டாக்டர். மாத்தறதில்லை."

மெல்லிய கையுறை வழியாகக்கூட நேரம் ஆக ஆக இது ஊடுருவிவிடும் என்றார் டாக்டர். ரப்பர் உறை இதற்குப் பிரயோஜனமில்லை, நைட்ரைல் உறைதான். அதையும் அரைமணிக்கு ஒருமுறை, மேலே சிந்தினால் உடனே, மாற்ற வேண்டும். அப்புறம் சீட்டில் இன்னொன்றும் எழுதினார். பல் அடைக்கப் போனாலும், பின்னாளில் மூட்டு மாற்றுகிற ஆபரேஷன் என்றாலும் அங்கேயும் இந்த அலர்ஜியைச் சொல்ல வேண்டும். பல் சிமென்டிலும் எலும்புச் சிமென்டிலும் இதே குடும்பத்துச் சரக்குதான்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நோட்டுப்புத்தகத்தை நினைத்துக்கொண்டேன். ‘கையுறை: 2 நிமிஷம்’. என் கையெழுத்து. அழகாக அடிக்கோடு வேறு.

வெளியே வந்து, "என்னால தானேக்கா?" என்றேன்.

"நீ எழுதினே. செஞ்சது நான்தானே. லோன் காலண்டரைப் பார்த்துக்கிட்டே செஞ்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ராத்திரி யோசித்துப் பார்த்தேன். முதலில் மிச்சம் பிடித்த 15 நிமிஷத்துக்கும் பின்னால் பிடித்த 10 நிமிஷத்துக்கும் என்ன வித்தியாசம்? முதல் பதினைந்தும் காத்திருக்கிற நிமிஷம். பின்னால் பத்தும் காக்கிற நிமிஷம். காத்திருப்பதைக் குறைக்கலாம், அதற்குப் பெயர் சாமர்த்தியம். காப்பதைக் குறைத்தால் அதற்குப் பெயர் வேறு. நோட்டில் இரண்டுமே ஒரே மாதிரி நிமிஷமாகத்தான் தெரிகிறது. அதுதான் நோட்டின் கோளாறு.

இப்போது நகவேலை முழுக்க உதவிப் பெண் பார்க்கிறாள். ஒருவருக்கு 40 நிமிஷம், ஆறு பேர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கிடையாது. டிரையர் குறைந்த சூட்டில்தான் ஓடும். தோலில் பட்டால் குச்சி. அரைமணிக்கு ஒருமுறை அக்காவின் போனில் அலாரம் அடிக்கும், அக்கா இங்கிருந்தே, "உறை!" என்று குரல் கொடுப்பாள். திரவத்துக்கு என்ன விளக்கு, எத்தனை விநாடி என்று தயாரித்தவன் எழுதினானோ அதுதான் சட்டம். பாதி கெட்டியானது மேலே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். பாட்டில் பின்னாலிருக்கிற பொடி எழுத்தை அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாள். ஜெல் பொருட்களில் சேர்க்கிற டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்ததை எனக்குச் சொன்னதே அவள்தான்.

நகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தால், "முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கம்மா, இரும்புச்சத்து கம்மியா இருக்கலாம்" என்று டாக்டரிடம் அனுப்புகிறாள். வருமானம் போகிறதே என்று நான் கேட்பதில்லை. கேட்கிற யோக்கியதை போய்விட்டது.

மற்றவர்களிடம் ஒன்று தவறாமல் சொல்கிறாள்: "கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசா புது நகம் வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் முட்டுக்கொடுக்கறேன், அவ்வளவுதான். ராத்திரி படுக்கறப்போ கொஞ்சம் எண்ணெய் தடவுங்க." அம்மாவின் பாதி நியாயம் இங்கேதான் வருகிறது. எண்ணெய் உடைந்த நகத்தை ஒட்டாது. ஆனால் ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும்.

அக்கா இப்போது தலைமுடி வேலை மட்டும் பார்க்கிறாள். நகவேலைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. சில சமயம் உதவிப் பெண் செய்வதைத் தள்ளி நின்று பார்ப்பாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அதைப் பார்க்கும்போது நான் கணக்கில் கவனமாக இருப்பது போல் குனிந்துகொள்வேன்.

போன சனிக்கிழமை, "கையைக் காட்டுடா" என்றாள். காட்டினேன். ஆறு மாசமாகக் கடிக்கவில்லை. பத்து விரலிலும் விளிம்பில் வெள்ளைப் பிறை வந்திருந்தது.

"அட, எப்படிடா விட்டே?"

"தெரியலேக்கா."

தெரியும். வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் விரல் நுனி கண்ணில் படுகிறது.