கையெழுத்துக்கு முன்னாடி ஒரு செக்‌ஷன்

டெல்லி போனா, இந்தியா கேட்ல இருந்து ராஷ்டிரபதி பவனை நோக்கி நடந்து பாருங்க. ரைசினா குன்றின் ஏற்றத்தை நெருங்க நெருங்க, முகப்புத் தூண்கள் மறைஞ்சு கும்மட்டம் மட்டும் மிஞ்சும்.

அன்றைய வைஸ்ராய் மாளிகையை வடிவமைத்தவர் லட்யன்ஸ். முன்னால் இருபுறமும் நிற்கும் செயலகங்கள் பேக்கருடையவை. அவையும் குன்றின் மேலேயே நிற்க, இடையில் சாலை சரிவாக ஏறும் திட்டத்துக்கு லட்யன்ஸ் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். சரிவு தன் மாளிகையை மறைக்கும்னு பிறகுதான் புரிந்தது. எவ்வளவோ போராடினார், மாறவில்லை. 340 அறை மாளிகையில் 1929-ல் வைஸ்ராய் குடியேறினார். சரிவு அப்படியே இருந்தது.

நண்பர்களே, சீக்கிரமே நாமும் டிராயிங்கில் கையெழுத்துப் போடப் போறோம். பிளான் மட்டும் பார்த்தா போதாது. செக்‌ஷன் வரைஞ்சு, தெருவுல நடக்கிற மனுஷனோட கண் மட்டத்துல இருந்து ஒரு கோடு இழுங்க. கான்கிரீட் போட்டபிறகு ரப்பர் உதவாது.