எல்லை மாறட்டும், தூரம் கூடக்கூடாது

2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வார்டு எல்லை மாறினால் பிள்ளைகளின் பள்ளியும் மாறுமோ என்று வேங்கிக்காலில் எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலை.

கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு விதிகள் சொல்வது இதுதான்: தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் இச்சட்டப்படி ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கும் வீட்டிலிருந்து தூரம் முக்கியம். வார்டு எண் எதுவானாலும் பிள்ளை நடக்கும் தூரமே கணக்கு.

ஆனால் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வேலூர் சாலையைக் கடக்கப் பெரியவர்களே திணறுகிறோம். ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தூரத்தோடு பாதையையும் பார்க்க வேண்டும்.

இதைப் பேசத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதி பெண்கள். சட்டமே தந்த இடம் அது. அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள், பேசுங்கள்.