பக்கக் கசிவு

யந்திரங்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதுவது குறைவு. எழுதினாலும் இரண்டாவது பத்திக்குள் யந்திரம் மறைந்து நவீன மனிதனின் அவலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இங்கே ஒரு பழைய டீசல் டிரக்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முடிந்தவரை அது டிரக்காகவே இருக்கட்டும்.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்குகிறது, இந்த என்ஜினில் சுமார் 17 மடங்கு. அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இது ஒரு பிரச்னையே இல்லை. உறைநிலைக்கு வெகு கீழே உள்ள காற்றை, பனிக்கட்டி போல் கிடக்கும் சிலிண்டருக்குள் இழுக்கும்போதுதான் சிக்கல். நெருக்கியும் சூடு போதாது. எண்ணெய் எரியாமல் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியேறும். இதற்காகச் சில என்ஜின்களில், காற்று உள்ளே நுழையும் வாயில், ரொட்டி வாட்டும் பெட்டியில் இருப்பது போன்ற கம்பித் தகடுகளை வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அவை காய்கின்றன. காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, 10 விநாடியோ 30 விநாடியோ காயவைப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். அதுவரை 'பொறு' என்று ஒரு மஞ்சள் விளக்கு எரியும். காற்றின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் விளக்கும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

கம்ப்யூட்டருக்குக் குளிர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சென்ஸார் தரும் மின்தடை. குளிரக் குளிரத் தடை ஏறும், சூடேறினால் இறங்கும். 25 டிகிரியில் சுமார் 10 ஆயிரம் ஓம். பூஜ்யத்தில் 32 ஆயிரம் அளவு. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஏறத்தாழ ஒரு லட்சம். இந்த எண்தான் அதற்கு உலகம்.

2024 ஜனவரி நடுவில் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸில், அக்கா வீட்டில் இருந்தேன். அது சற்று விசித்திரமான ஊர். கம்மின்ஸ் டீசல் என்ஜின் கம்பெனி 1919இல் தோன்றிய இடம். அதன் தலைவராக இருந்த இர்வின் மில்லர், கட்டிடக் கலைஞர்களின் ஊதியத்தைக் கம்பெனியின் அறக்கட்டளை மூலம் தந்து ஊருக்குப் பொதுக் கட்டிடங்கள் எழக் காரணமாக இருந்தார். எலியல் ஸாரினென் கட்டிய 1942ஆம் ஆண்டு தேவாலயம், ஐ. எம். பெய் கட்டிய நூலகம், அதன் முன்னால் ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. டீசல் புகையில் சம்பாதித்த பணம் நவீனக் கலையாக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் நான் போன நேரத்தில் வளைவின் மேல் பனி. வெளியே நின்று பார்க்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் முடியாது. காலையில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி.

அத்தானிடம் இருந்தது 1995ஆம் ஆண்டு டிரக். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். என்ஜினில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. எண்ணெய் பம்ப் கூட முழுக்க யந்திர ரீதியானது, கம்ப்யூட்டரின் தயவில்லாமல் ஓடுவது. காலையில் கிளப்புவதுதான் பாடு. மஞ்சள் விளக்கு எரியவே எரியாது. அரை நிமிஷம் சுழன்று, நின்று, மறுபடி சுழன்று, இரண்டு மூன்று சிலிண்டர்கள் மட்டும் இருமிக்கொண்டு எழும்பும். பின்னால் வெள்ளைப் புகை தெரு முழுக்க. சில நாள் எழும்பவே எழும்பாது. என்ஜினை இரவெல்லாம் வெதுவெதுப்பாக வைக்க மின்சார வயர் ஒன்று உண்டு. அவர்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் அதைச் செருக இடமில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி ஷிஃப்ட். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை எழுத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலையின் மேல்தான் வீட்டு வாடகையும் அவர்களுடைய விசாக் காகிதங்களும் நின்றன.

ஒரு பட்டறையில் ஏற்கனவே பார்த்திருந்தார்கள். விளக்கு எரியவில்லை என்றால் சென்ஸார் போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையும் அதே வெள்ளைப் புகை. எதிர்வீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஈதர் டப்பா ஒன்று கொண்டுவந்தார். காற்றுக் குழாயில் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். சூட்டுத் தகடு உள்ள என்ஜினில் ஈதர் கூடாது. தகடு திடீரென்று உயிர் பெற்றுச் சிவந்திருந்தால் குழாயே வெடிக்கும். அத்தான் வேறு யோசனை வைத்திருந்தார்.

"சென்ஸாராவது ஒண்ணாவது, மாப்ளே. ஒரு பட்டனை வெச்சு நேரா தகட்டுக்குக் கரண்ட் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு."

"எவ்வளவு நேரம் அமுக்குவீங்க, அத்தான்?"

"குத்துமதிப்பாதான்."

பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் அக்கா விடிகாலை இருட்டில், கையுறையோடு, குத்துமதிப்பாக அமுக்க வேண்டும். கொஞ்சம் முன்பாக விட்டால் எழும்பாது. விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் பாட்டரி தீரும். அளவை விட்டுவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொள்வது எங்கேயும் சுலபமாகத்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தன. பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

முதலில் தகடு. பாட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு ரிலேக்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் தூண்டிப் பார்த்தோம். டக் என்ற சத்தம், வோல்ட்மீட்டர் முள் சரிவு, தகட்டில் சூடு. ஆக, செய்கிறவர்களிடம் குறையில்லை. செய் என்று சொல்கிறவரிடம்தான்.

அடுத்து கம்ப்யூட்டர். அந்தக் காலத்து வண்டிகளில் சாவியை மூன்று தடவை திறந்து மூடித் திறந்தால், எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக் குறை எண்ணைச் சொல்லும். காற்று சென்ஸாருக்கு 23. அன்று அது ஐந்து தடவை சிமிட்டி, சற்று நின்று, மறுபடி ஐந்து. 55 என்றால் சொல்லி முடிந்தது என்று அர்த்தம். அதற்குமுன் எதுவும் சொல்லவில்லை. அதாவது, எல்லாம் க்ஷேமம்.

இந்த இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வயர் அறுந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அப்போது வரும் எண் துருவத்தில் கூட இல்லாத குளிரைச் சொல்லும். வயர்கள் ஒன்றோடொன்று நேராக ஒட்டிக்கொண்டாலும் கண்டுபிடிக்கும். அது கொதிகலனுக்குள் இருப்பதாகச் சொல்லும். இரண்டும் அபத்தம், அதனால் பிடிபடுகின்றன. ஆனால் ஜனவரி விடிகாலையில், இதமான ஒரு வசந்த மத்தியானம் என்று ஒரு எண் வந்தால், அதைச் சந்தேகிக்க அதனிடம் காரணமே இல்லை. வரம்புக்குள் இருக்கிறது. நம்பத்தகுந்த பொய்க்குக் குறை எண் கிடையாது.

ஞாயிறு காலை, வண்டி இரவெல்லாம் குளிரில் நின்ற பிறகு, சென்ஸாரின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தோம். 73 ஆயிரம். அந்தக் குளிருக்கு வர வேண்டிய எண்தான். பட்டறையில் கழற்றிப்போட்ட பழைய சென்ஸார் டாஷ்போர்டில் கிடந்தது. அதையும் அளந்தோம். அதுவும் சரி. குற்றமற்ற ஒன்றை எடுத்துவிட்டுக் குற்றமற்ற இன்னொன்றை வைத்திருக்கிறார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கையும் கழற்றினோம். இப்போது நடுவில் இருப்பது வெறும் இரண்டு வயர்கள், எதனோடும் சேராதவை. அவற்றுக்கிடையில் மீட்டர் முடிவிலியைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. 12 ஆயிரத்துக்கும் 14 ஆயிரத்துக்கும் நடுவில் நிலைகொள்ளாமல் ஆடியது. அத்தான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சென்ஸார் பக்கத்துப் பிளக்கின் உள்ளே பார்த்தார். ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு கரைந்து, வருஷக்கணக்காகத் தெறித்து ஏறி, செம்பைத் தின்று, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ஈரப் பாலம் கட்டியிருந்தது. உப்பு நீர் லேசில் உறையாது. அதனால்தானே சாலையில் கொட்டுகிறார்கள்.

கணக்கு எளிது. சென்ஸாரின் 73 ஆயிரமும் கசிவின் 13 ஆயிரமும் பக்கம் பக்கமாக நின்றால், கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவது 11 ஆயிரம். 11 ஆயிரம் என்றால் ஏறத்தாழ 23 டிகிரி. வசந்த மத்தியானம். கோடையிலும் இந்தக் கசிவு இருந்திருக்கும். அப்போதும் உண்மையைவிட அதிகச் சூட்டைச் சொல்லியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அப்போது அந்த எண்ணை நம்பி எந்தக் காரியமும் நடக்கவில்லை.

டிரக்காகவே இருக்கட்டும் என்றேன். இதற்கு மேல் அது முடியாது என்று தோன்றுகிறது.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்ப்ரிட்ஜில் கவிதைகளை எழுதியவர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதைத் தொகுத்து 1929இல் புத்தகமாக்கினார். நல்லதைத் தள்ளியும் மோசமானதைக் கொண்டாடியும் எழுதியிருந்தார்கள். முன்பே தயாராக வைத்திருந்த உணர்ச்சிகளைக் கவிதையின் மேல் கொட்டியிருந்தார்கள். அதை வைத்து, வாசகனின் நுண்ணுணர்வே பழுது என்ற முடிவுக்கு நம்மில் பலர் வந்துவிட்டோம். 'எழுத்து' 1959இல் தொடங்கிய நாளிலிருந்து நாம் நடத்திவந்த ரசனையா அலசலா என்ற விவாதமும் சென்ஸாரைப் பற்றியதுதான். எந்த சென்ஸார் நல்லது, இதைக் கழற்றி அதை மாட்டலாமா என்பதுதான். பிளக்கின் உள்ளே யாரும் டார்ச் அடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் அறிந்த நல்ல வாசகர்கள் பலருக்கு உணர்வில் பழுதில்லை. ஒரு கவிதை செத்திருந்தால் படித்த கணத்திலேயே அவர்களுக்குத் தெரிகிறது. டீக்கடையில் நிற்கும்போது முகத்தில் தெரிகிறது. ஆனால் அச்சில் வந்து சேரும்போது அது 23 டிகிரியாகிவிடுகிறது. நடுவில் என்ன இருக்கிறது? முன்னூறு பேருக்குள் நடக்கும் இலக்கியம் நம்முடையது. எழுதியவன் நண்பன், நேற்று அவன் வீட்டில் சாப்பிட்டோம், அடுத்த இதழுக்கு அவன்தான் காகிதம் வாங்கித் தரப் போகிறான், ஒரே ஊர், ஒரே ஜாதி, அல்லது ஒரே எதிரி. இவற்றில் எதுவும் தனியாகப் பொய் இல்லை. அன்பும் உண்மைதான், உப்பும் உண்மைதான். அது மதிப்பீட்டின் பக்கத்தில், அதே இரண்டு முனைகளுக்கு நடுவில், சத்தமில்லாமல் ஓடுகிறது. அபத்தமான புகழ்ச்சி பிடிபட்டுவிடும். அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். 'சில குறைகள் இருந்தபோதிலும் கவனிக்கத்தக்க முயற்சி' என்பது பிடிபடாது. அது வரம்புக்குள் இருக்கிறது.

இதற்கு மருந்து கடுமை என்று நினைப்பவர்கள் அத்தானின் பட்டனைத்தான் கேட்கிறார்கள். எல்லாக் கவிதையையும் குளிர் என்று அறிவிப்பது அளப்பதாகாது. நட்பை வெட்டிவிடுவதும் தீர்வல்ல. முன்னூறு பேரில் வெட்டினால் பத்திரிகையே மிஞ்சாது. இரண்டு முனையையும் கழற்றிவிட்டு நடுவில் உள்ளதைத் தனியாக அளந்து பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. இந்த ஆளைப் பற்றி, இந்தக் கவிதையைப் படிப்பதற்கு முன்பே, எனக்குள் எத்தனை ஓம் ஓடிக்கொண்டிருக்கிறது? அந்த எண் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். தெரியாதவரை சென்ஸாரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதிது வைத்து, ஈயம் பற்றவைத்து, மேலே ரப்பர் உறை சுருக்கினோம். வயர்களுக்கு நடுவே மீட்டர் அசையவில்லை. திங்கட்கிழமை ஆறு மணிக்கு அக்கா சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையும்வரை காத்திருந்தாள். வண்டி ஒரே சுழற்சியில் எழும்பிவிட்டது. கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தகடுகள் விட்டுவிட்டுக் காய்ந்தன. இரண்டும் சேர்ந்தால் 200 ஆம்பியருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒவ்வொரு தடவை அவை காயும்போதும் வோல்ட்மீட்டர் முள் விழுந்தது. முன்விளக்குகள் மங்கிப் பிறகு தெளிந்தன. புதிதாக ஏதோ கோளாறு என்று அக்கா பயந்துவிட்டாள். குளிரைக் குளிர் என்று அறிந்துகொண்ட வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார் அத்தான்.