பூக்கடை தராசுல ஒரு பேட்டரி

ஒரு மார்கழி மாசம், ஒரு நாள் விடியக்காலம். திருவண்ணாமலை பூ மார்க்கெட்டுல சாமந்தி மூட்டையை எறக்கிட்டு, சட்டைப் பையிலிருந்து நீலக் கலர்ல ஒரு பேட்டரி செல்லை எடுத்து கடைக்காரரோட தராசு மேல வெச்சேன்.

"இன்னா அண்ணே, இத மொழமா குடுக்கறதா, கிலோவா குடுக்கறதா?"ன்னு சிரிச்சார்.

தராசு 26 கிராம்னு காட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. ஒரு வாரமா பையனைத் திட்டிக்கிட்டு இருந்தேன், "நீதான் எதையோ நோண்டி வண்டிய கெடுத்துட்டே"ன்னு. அவன் மேல தப்பே இல்லன்னு அந்த 26 கிராம் சொல்லிடுச்சு.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்றேன். 2023 நவம்பர் 26, ஞாயித்துக்கிழமை, தீபம். பெங்களூருல இருக்கிற என் மச்சான் குடும்பத்தோட வந்திருந்தார். தீபத்துக்கு வந்தா எங்க வீட்டு மாடியில நின்னு மலையைப் பார்க்கிறதுதான் அவங்களுக்குப் பழக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியில ஒரு புள்ளி வெளிச்சம் தெரிஞ்சதும் எல்லாரும் கையெடுத்தோம். என் பையன் மட்டும் கையில ஒரு பொட்டியைப் பிடிச்சிக்கிட்டு, கும்பிடறதா பிரிக்கிறதான்னு தெரியாம நின்னான். அப்போ ஏழாவது படிச்சான். மாமா வாங்கிட்டு வந்த ரிமோட் வண்டி அது. நாலு பெரிய ரப்பர் சக்கரம், லாரி மாதிரி உடம்பு. வேகமா போய் டக்குனு முன்னாடி தூக்கி ரெண்டு பின் சக்கரத்துல நிக்கும், குட்டிக்கரணம் போடும், கவுந்தா தானே எழுந்துக்கும். 'ஸ்டன்ட் டிரக்'னு சொன்னாங்க.

மச்சான் பையன்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. "மே மாச லீவுக்கு வரும்போது என்னுத எடுத்துட்டு வர்றேன், ரெண்டையும் களத்துல விடலாம்"னு சொல்லிட்டுப் போனான். எங்க பையன் அதைக் கல்லுல வெட்டின மாதிரி மனசுல வெச்சிக்கிட்டான்.

மூணு வாரம்தான். ஒரு நாள் ராத்திரி ஸ்விட்சை அணைக்காமலே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத் தூங்கிட்டான். ரெண்டு நாள் அப்படியே கெடந்துச்சு. அப்புறம் சார்ஜ் போட்டா, போட்ட உடனே பச்சை விளக்கு. பேட்டரி செத்துப்போச்சு. லித்தியம் பேட்டரியை ஒரு அளவுக்குக் கீழ காலி பண்ணிட்டா திரும்பி வராது. ஒரு செல்லுக்கு 3 வோல்ட், அதுக்குக் கீழ எறக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. ஆனா அவனைத் திட்ட எனக்கு யோக்கியதையும் கிடையாது. மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல இருந்த 12 வோல்ட், 8 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரியை, மல்லாட்டை (உங்க ஊர்ல வேர்க்கடலை) பிடுங்கின பிறகு ரெண்டு மாசம் சார்ஜ் போடாம கொட்டாய்ல தொங்கவிட்டுக் கொன்னவன் நான்.

"அப்பா, ஸ்பிரேயர் பேட்டரியை மாட்டினா ஓடுமா?"ன்னு கேட்டான். அது ரெண்டு கிலோவுக்கு மேல கனம். வண்டியே ஒரு கிலோ சொச்சம்தான். எருமைய எலி மேல ஏத்தற கதை.

அப்புறம் டவுன்ல ஒரு கடையில, 9800 எம்ஏஎச்னு பெருசா அச்சடிச்ச ரெண்டு நீல செல்லு வாங்கிப் பழைய ஒயர்லயே பத்தவெச்சுக் கொண்டாந்தான். பழசு 1500தான், இது ஆறு மடங்குக்கு மேலன்னு அவ்வளவு சந்தோஷம். வண்டி நகர்ந்துச்சு. ஆனா எழும்பல. முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், அப்படியே மூச்சு வாங்கி உட்கார்ந்துடும். நாலு நிமிஷத்துல அதுவும் இல்ல. அதுக்குத்தான் நான் திட்டினது.

இந்த செல்லுக்குப் பேரு 18650. ஒண்ணும் மந்திரம் இல்லீங்க. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளைங்கிறதுக்கு. பழைய லேப்டாப்பு, டார்ச் லைட்டு நிறையத்துக்குள்ள இதுதான் இருக்கும். இந்த அளவு உருளைக்குள்ள நல்ல கம்பெனி சரக்கே சுமார் 3500 எம்ஏஎச்தான் அடைக்க முடியும். 9800ன்னு போட்டிருந்தாலே பொய். நல்ல செல்லு சுமார் 45 கிராமாவது இருக்கும். இதையெல்லாம் ராத்திரி போன்ல படிச்சிட்டுத்தான் மறுநாள் பூக்கடை தராசுக்குப் போனேன். 26 கிராம். உள்ள பாதி காத்து. நெல்லுல பதர் கலந்தா தூத்தினா தெரிஞ்சிடும், இதை எப்படித் தூத்தறது? எடைதான் போடணும்.

வீட்டுக்கு வந்து அவன்கிட்ட சொன்னேன். "சரிப்பா"ன்னான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல. எங்க அப்பனும் என்கிட்ட கேட்டதில்ல.

அன்னையிலிருந்து அப்பனும் மகனும் சேர்ந்து பேட்டரி படிக்க ஆரம்பிச்சோம். எனக்கு எதையும் தண்ணியா மாத்தினாத்தான் புரியும். வோல்ட்டுங்கிறது தண்ணி எவ்வளவு உசரத்திலிருந்து விழுதுங்கிறது. எம்ஏஎச்ங்கிறது ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குங்கிறது. 'சி'ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க, அதுதான் மதகு. ஏரி ரொம்பி வழிஞ்சாலும் மதகு சின்னதா இருந்தா கடைமடைக்குத் தண்ணி சேராது. ஸ்டன்ட் வண்டி முன்னங்காலைத் தூக்கற அந்த ஒரு நொடிக்கு மதகை முழுசாத் திறந்தாகணும். போலி செல்லு கதையில ஏரியும் குட்டை, மதகும் அடைப்பு.

கடைசியில எங்க முன்னாடி ரெண்டு வழி நின்னுச்சு.

ஒண்ணு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. சுவத்துக் கடிகாரத்துக்குப் போடற அளவு செல்லு ஆறு, ஒண்ணு 1.2 வோல்ட்டுன்னா மொத்தம் 7.2. முரட்டு சாது. கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்தாலும் பொறுத்துக்கும், சுலபமா தீப்பிடிக்காது. ஆனா கனம் ஜாஸ்தி, அழுத்தம் கேட்டா தொங்கிப் போகும்.

இன்னொண்ணு லிப்போ. லித்தியம் பாலிமர். ரெண்டு செல்லு, 7.4 வோல்ட். கனம் அதுல பாதிதான், மதகோ அகலம். ஆனா அதிகமா சார்ஜ் ஏறினாலோ, குத்துப்பட்டாலோ, உப்பிப்போனாலோ தீப்பிடிக்கும். பிடிச்சா சும்மா புகையறதில்ல, சீறிக்கிட்டு எரியும். (லித்தியம் அயான் பேட்டரியைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2019ல நோபல் கொடுத்தாங்க. அதுல குட்எனஃப்ங்கிறவருக்கு அப்போ 97 வயசு. பையன் இதைப் படிச்சிட்டு, "தாத்தாவ விட பெரியவருப்பா"ன்னான்.)

அவன் லிப்போ கேட்டான். அதுலயும் மூணு செல்லு, 11.1 வோல்ட்டு. வீடியோவுல யாரோ போட்டு மாடி உசரம் பறக்க விட்டிருக்காங்க. அதுக்கு நான் சொன்னது ஒண்ணுதான். "தெருவுல நியூட்ரல் கட்டானப்போ நம்ம டிவி இன்னாடா ஆச்சு?" புரிஞ்சிக்கிட்டான். ரெண்டு செல்லுக்குன்னு செஞ்ச போர்டுக்கு மூணு செல்லு கொடுத்தா புகைதான் வரும்.

ரெண்டு செல்லு லிப்போவுக்கும் நான் ஒத்துக்கல.

காரணம் அவனுக்குத் தெரியாது. 1987. எனக்குப் பத்து வயசு. தை அறுப்பு முடிஞ்சு வைக்கோல் போர் போட்டு எட்டாவது நாள், மேல போன ஒயர் காத்துல உரசி ஒரு பொறி விழுந்துச்சு. ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்துச்சு. கொட்டாயும் மாடும் தப்பிச்சிடுச்சி. போர் மட்டும் காலையில கருப்புத் திட்டா கெடந்துச்சு. அந்த வருஷம் மாட்டுக்குப் போட ஒண்ணும் இல்ல. வெலைக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தாரு எங்க அப்பா. முடியல. கார்த்திகைக்குத் தீபத்து மாட்டுச்சந்தைக்கு ரெண்டு எருதையும் ஓட்டிக்கிட்டுப் போனார். நானும் கூடப் போனேன். துண்டுக்கு அடியில கையைப் பிடிச்சு வெலை பேசினாங்க. திரும்பி வரும்போது அவர் தோள்மேல வெறும் மூக்கணாங்கயிறு மட்டும்தான் இருந்துச்சு. நெருப்பையே சாமியா கும்பிடற ஊரு இது, அக்னி ஸ்தலம். அன்னிக்கு ராத்திரி மலைமேல தீபம் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. எங்க அப்பா அந்தப் பக்கம் திரும்பல.

என் வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவுல இன்னிக்கும் பதினஞ்சு அடி இருந்தா அதிகம். நான் எப்படி லிப்போ வாங்குவேன்?

நிக்கல் பேக்கை வாங்கிக் கொடுத்தேன், 7.2 வோல்ட், 2000 எம்ஏஎச். வண்டியோட பொட்டிக்குள்ள நுழையல. மேல வெச்சு சைக்கிள் டியூபைக் கிழிச்சுக் கட்டினோம். பன்னெண்டு நிமிஷம் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா தலை கனத்துப் போச்சு. எழும்பினா பக்கவாட்டுல சாயும். சாஞ்சா எழுந்துக்காது, ஓடிப்போய் கையால நிமித்தணும்.

பையன் ஒரு வார்த்தை குறை சொல்லல. நாலு நாள் ஓட்டினான். அப்புறம் நெல்லுக் குதிர் மேல ஏத்தி வெச்சிட்டான். நானும் அடங்கிட்டான்னு நெனைச்சேன். மாசி பாதியில, சாப்பாடு போட்டுக்கிட்டே என் வீட்டுக்காரி கேட்டா: "வைக்கோல் போருக்கு பயப்படறீங்க, சரி. ஒரு மாசமா புள்ள வாயத் தொறந்து பேசல. அது தெரியுதா?"

தெரியலைங்க. நெசமா தெரியல.

அன்னிக்கு ராத்திரி அவனைக் கூட்டிக்கிட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். தண்ணி பாய்ச்சற முறை. உட்கார்ந்திருக்கும்போது 1987 கதையைச் சொன்னேன். மூக்கணாங்கயிறு வரைக்கும் சொன்னேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கொட்டாயைச் சுத்திப் பார்த்துட்டு, "இங்க வைக்கோல் இல்லையேப்பா"ன்னான்.

செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, சிமென்ட் தரை. உள்ள மோட்டார் பொட்டி, ஒரு குண்டு பல்பு, ஒரு பிளக்கு. போருக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு கழனி தூரம். முப்பது வருஷமா நான் தெனம் வந்து போற எடம், எனக்குத் தோணல.

சென்னையில படிக்கிற தங்கச்சி பையன்கிட்டச் சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கச் சொன்னோம். ரெண்டு செல்லு லிப்போ 1500 எம்ஏஎச், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பார்த்து 4.2 வோல்ட்டுல நிறுத்தற பேலன்ஸ் சார்ஜர், அப்புறம் விரல் கணு அளவுல ஒரு அலாரம். பேட்டரிக்கு ஆன செலவை விட அந்த அலாரம்தான் எனக்கு முக்கியம். பொம்மை வண்டிகள் நிறையத்துல, பேட்டரி எறங்கினா தானா நிறுத்தற வசதி இருக்காது. இந்த அலாரத்தை சின்ன ஒயர்ல குத்திவிட்டா ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட்டுன்னு மாத்தி மாத்திக் காட்டும். 3.5க்கு வந்ததும் கத்தும். அந்தக் கத்தல் சாதாரண கத்தல் இல்ல.

சட்டம் போட்டதும் அவன்தான், நான் இல்ல. சார்ஜ் மோட்டார் கொட்டாய்ல மட்டும். பேட்டரி மண் தொட்டிக்குள்ள, பக்கத்துல ஒரு பக்கெட் மணல். ஓட்டி முடிச்ச சூட்டோட சார்ஜ் கூடாது. ஓட்டாத நாள்ல செல்லு 3.8ல இருக்கணும், ரொப்பியும் வைக்கக் கூடாது, காலியாவும் வைக்கக் கூடாது. கொஞ்சம் உப்பினாலும் தூக்கிடணும். சிவப்பு விளக்கு பச்சையாகற வரைக்கும் ஆள் நகரக் கூடாது.

அந்தக் கடைசிச் சட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் பிடிக்குது. அவனைத் தனியா விட முடியுமா? நானும் உட்கார வேண்டியதாப் போச்சு. தண்ணி முறை வர்ற நாள்லதான் சார்ஜ்னு ஆச்சு. மடை மாத்த நான் எழுந்து போனா அவன் விளக்கைப் பார்த்துக்கிட்டு இருப்பான். வந்து உட்கார்ந்தா ஏதாவது பேசுவான். இஸ்கூல்ல யாரு யாரை அடிச்சாங்கன்னு, கணக்கு வாத்தியார் இன்னா சொன்னாருன்னு. ஒரு நாள், தாத்தா வித்த எருது பேரு இன்னான்னு கேட்டான். ஒண்ணு செவலை. இன்னொண்ணு பேரு எனக்கே ஞாபகம் வர ரெண்டு முறை தண்ணி பாய்ச்ச வேண்டியிருந்துச்சு. மயிலை.

மே மாசம் மச்சான் பையன் வந்தான். களத்துல ரெண்டு வண்டியும் எறங்குச்சு. பெங்களூரு வண்டிதான் வேகம், அதுல சந்தேகமே இல்ல. எங்க வண்டி ஆனா நல்லா எழும்புச்சு. ரெண்டு பின் சக்கரத்துல நின்னுக்கிட்டே களத்துல பாதி தூரம் போச்சு. பதினாலாவது நிமிஷம் அலாரம் கத்த, கட்டுத்தறியில இருந்த மாடு மிரண்டு கயித்தை இழுத்துச்சு. எங்க அம்மா திண்ணையிலிருந்து வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினாங்க.

பையன் ஓடிப்போய் வண்டியைக் கவுத்து ஒயரைப் பிடுங்கினான்.

"இன்னாடா, அதுக்குள்ள நிறுத்திட்ட? இன்னும் ஓடுமே"ன்னான் பெங்களூருக்காரன்.

"3.5 வந்துடுச்சி"ன்னான் இவன். "சார்ஜ் போட வியாழக்கிழமை ஆவும். அன்னிக்குத்தான் எங்க தண்ணி முறை. நீ வேணா வா, ஆனா ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது."