பெரிய சாலையும் நூம்பல் திருப்பமும்

கத்திப்பாராவில் நேரு சிலையைத் தாண்டி மேற்கே திரும்பினால் மவுண்ட்-பூந்தமல்லி சாலை. 1987 டிசம்பரில் அந்தச் சிலையைத் திறக்க ராஜீவ் காந்தி வந்தார். விழாவில் கலந்துகொண்ட எம்.ஜி.ஆர். சில நாட்களிலேயே மறைந்தார். வழியில் அவருடைய ராமாவரம் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று அங்கேதான் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளரான எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, கழுத்துக் கட்டோடு இருந்த அவர் படம்தான் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டது. ஜெயித்தார்.

1991 மே 21 இரவு ராஜீவ் இந்தச் சாலையில் வந்தது ஸ்ரீபெரும்புதூர் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க. விசாகப்பட்டினத்தில் விமானம் மக்கர் செய்ததால் தாமதம். வெள்ளை அம்பாசிடரின் முன்சீட்டில் அவர். உடன் பேட்டியெடுத்தபடி பார்பரா கிராசெட், நீனா கோபால் என்ற இரு பத்திரிகையாளர்கள். இருட்டிலும் ஜனங்களுக்கு முகம் தெரிய காருக்குள் ஒரு சின்ன டியூப்லைட். போரூரில் நிறுத்தம், பூந்தமல்லியில் நிறுத்தம்.

இரண்டுக்கும் நடுவே ஐயப்பன்தாங்கல். அங்கிருந்து வடக்கே உள்ளே போனால் நூம்பல்; அதையும் கடந்தால் வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலை. இரண்டு பெரிய சாலைகள் அணைத்திருந்தும் உள்ளடங்கிய ஊர். தலைவர்களின் கார் வரிசைக்கு இது வெறும் இடைவெளி.

அந்த இரவில் நடந்த ராஜீவ் கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றமும் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்தது.

பூந்தமல்லி தாண்டினால் இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, பிறகு இருங்காட்டுக்கோட்டை. ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரை அடைந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. குண்டு வெடித்தது. ஜூனுக்குத் தள்ளிப்போன வாக்குப்பதிவில் மரகதம் ஜெயித்தார். 2022 செப்டம்பர் 7 காலை, கன்னியாகுமரியில் நடைப்பயணம் தொடங்கும் முன் ராகுல் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் நினைவிடத்துக்கு வந்து போனார்.

2024 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் மட்டும் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். இரவு பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும். அதற்குள் எத்தனை ஜங்ஷன் என்றுதான் கட்சிக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். மெட்ரோ தூண்கள் நிற்கும் போரூர் பட்டியலில் இருக்கும், பூந்தமல்லியும் இருக்கும். நூம்பல் தெருக்களுக்கு ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ வரும், பின்னாலேயே துண்டறிக்கையோடு வட்டச் செயலாளர் வருவார்.