புளி போட்டுத் தேய்த்த ராஜா

செங்கம் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினால் முதலில் வரவேற்பது மயில்தான். சாமியார்கள், வெள்ளைக்காரர்கள், இளநீர் வண்டி எல்லாம் அப்புறம். ரமணாசிரமத்து மதில்மேல் உட்கார்ந்து அது போட்ட கூச்சல், 'வந்துட்டாரய்யா நிபுணர்!' என்று கேலி செய்கிற மாதிரியே எனக்குப் பட்டது.

காரணம் இருக்கிறது. நாலு நாள் முன்னால், ரமண நகரில் குடியிருக்கும் அத்தை செல்போனில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். பழைய காசுமாலையில் மிச்சமிருந்த தங்கக் காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ், காலடியில் டிராகன். வருஷம் 1918. அதற்கு மேலே பொடியாக ஆங்கில 'ஐ' எழுத்து. பம்பாயில் அடித்த சவரன்! லண்டன் ராயல் மின்ட் அங்கே கிளை வைத்து, அந்த ஒரே வருஷம் சுமார் 13 லட்சம் காசு அடித்தது.

நான் பழைய காசு சேர்க்கிறவன் என்பது குடும்பத்துக்குத் தெரியும். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியாது. போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். காசில் மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். ராஜாவின் புருவம், மீசை, வீரனின் தலைக்கவசம், குதிரையின் மார்பு... எல்லாம் கூர்மையாக இருந்தன. காசு தகதகவென்று மின்னியது.

"அத்தை, இது புழங்காத காசு. உருக்குற விலைக்குக் குடுத்துடாதீங்க!" என்று சொல்லிவிட்டேன்.

அத்தையும் அதை நம்பி, வந்த நகைக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை.

திண்ணையில் உட்கார்ந்து காசை வாங்கி, வெயிலில் லேசாகச் சாய்த்தேன். பகீரென்றது. முகம் முழுக்க மயிரிழைக் கீறல்கள்.

"இதை என்ன பண்ணினீங்க அத்தை?"

"போட்டோ எடுக்கணுமே! புளி போட்டு, பல்பொடி வச்சு, பழைய பிரஷ்ஷால நல்லா தேய்ச்சேன்."

அச்சிலிருந்து வந்த பளபளப்பு வேறு, தேய்த்த பளபளப்பு வேறு. முதலாவதைத் திருப்பினால் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்றி ஓடும். இரண்டாவது தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி ஒரேயடியாக மினுங்கும். அசையாத போட்டோவில் இரண்டும் ஒன்றுதான்! போதாததற்கு, அத்தை விரலால் பிடித்திருந்த விளிம்பில் பற்றவைத்த தழும்பு.

"வளையத்தைத் தட்டான் எடுத்துட்டான்டா, தெரியவே தெரியாதுன்னானே..."

1949-ல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் காசுக்கு 1 முதல் 70 வரை மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார். அதை வைத்துத் தரம் பார்க்கிறவர்கள் இந்த மாதிரி காசுக்குப் பெரும்பாலும் மார்க்கே போடமாட்டார்கள். 'சுத்தம் செய்தது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நானோ மனசுக்குள் அறுபத்திரண்டு போட்டிருந்தேன்!

"அத்தை, நான் சொன்னது தப்பு. தங்க விலைதான் வரும்."

அத்தை கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "1896-ல இந்த ஊருக்கு வந்த அன்னிக்கே பகவான் கையிலிருந்த சில்லறையை அய்யங்குளத்துல எறிஞ்சுட்டார். நான் பாரு, மாலையிலேருந்து ஒண்ணொண்ணா உருவி வித்துக்கிட்டிருக்கேன்" என்றார். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

சாயந்திரம் கடைக்கு நானே கூடப் போனேன். தராசில் 7.98 கிராம். 22 காரட் என்பதால் சுத்தத் தங்கம் 7.32. (நாம் பவுனுக்கு 8 கிராம் என்று கணக்குப் போடுவதே இந்தக் காசை வைத்து வந்ததுதான்.) கடைக்காரர் 'உருக்குச் சேதாரம்' என்று ஆரம்பித்ததும் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டோம். இரண்டாவது கடையில் நியாயமாகக் கொடுத்தார்கள். ஃபீஸ் கட்டியாயிற்று.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தை குங்குமச் சிமிழைத் திறந்தார். "இன்னொண்ணு இருக்கு. அழுக்கா இருந்துச்சுன்னு போட்டோ எடுக்கலை."

1911, லண்டன். அபூர்வமெல்லாம் இல்லை. ஆனால் கீறல் இல்லை, வளையம் இல்லை. லேசான செந்நிறம் படிந்து, திருப்பினால் வெளிச்சம் சுற்றி ஓடியது.

"இதை மட்டும் தேய்ச்சிடாதீங்க அத்தை!"

"அய்யய்யோ, நாளைக்குத் தேய்க்கலாம்னு காலையிலதான்டா புளி ஊறப்போட்டேன்!"