‘முயன்றார்’ என்றொரு வசை

ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவருக்கு நிறுவனம் கொடுக்கும் சான்றில், ‘ஒப்படைத்த பணிகளை நிறைவேற்ற அவர் எப்போதும் முயன்றார்’ என்று ஒரு வரி வந்துவிட்டால், விஷயம் தெரிந்த ஜெர்மன் மேலாளர் அதற்கு மேல் படிக்க மாட்டார். முயன்றார், சரி. முடித்தாரா? அதைப் பற்றிப் பேச்சே இல்லையே. மூலத்தில் இருக்கும் சொல் ‘பெம்யூட்’. அகராதியைக் கேட்டால் உழைப்பு, அக்கறை, சிரத்தை என்று நல்லதாகவே சொல்லும். ஆனால் ஜெர்மானியர்கள் அரட்டையில் ஒருவரை ‘ஷ்டேட்ஸ் பெம்யூட்’, அதாவது ‘எப்போதும் முயன்றவர்’ என்று சொன்னால் சுற்றி இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சான்றிதழில் பிறந்த வசை தெருவுக்கு வந்து கேலிச்சொல் ஆகிவிட்டது.

ஜெர்மன் ஆவணங்களை ஆங்கிலமாக்குவது என் பிழைப்பு. ஷ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ சில காலம் வேலை பார்த்துவிட்டு, அடுத்து சிங்கப்பூருக்கோ கனடாவுக்கோ விண்ணப்பிக்கும் நம் ஊர் பொறியாளர்கள் இந்தச் சான்றைத்தான் அதிகம் கொண்டு வருகிறார்கள். நம் நிறுவனங்கள் தரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போலத்தான் இதுவும் என்பது அவர்கள் நினைப்பு. அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை நன்று, வாழ்த்துகள், அவ்வளவுதான். ஜெர்மன் ‘ட்ஸொய்க்னிஸ்’ அப்படியில்லை. அங்கே தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி அது தொழிலாளியின் உரிமை. அவர் கேட்டால், செய்த வேலையின் தரத்தையும் நடத்தையையும் பற்றி எழுதியே ஆகவேண்டும். எழுதுவது உண்மையாக இருக்கவேண்டும், அதே சமயம் அவருடைய பிழைப்பைக் கெடுக்காத பரிவோடும் இருக்கவேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. வெளியே ஒன்று சொல்லி உள்ளே இன்னொன்றைச் சங்கேதமாக வைக்கக்கூடாது என்று அதே பிரிவு தடுக்கவும் செய்கிறது.

உண்மையும் சொல்லவேண்டும், மனமும் நோகக்கூடாது என்றால் எந்த மொழியும் வளையத்தான் செய்யும். ஜெர்மன் ஓர் ஏணியாக வளைந்தது. ‘எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி’ என்றால் முதல் தரம். ‘எப்போதும் முழுத் திருப்தி’ இரண்டாம் தரம். ‘எப்போதும்’ உதிர்ந்து ‘முழுத் திருப்தி’ மட்டும் நின்றால் மூன்று. வெறும் ‘திருப்தி’ நான்கு. ‘மொத்தத்தில் திருப்தி’ என்பதற்கும் கீழே, கிணற்றின் அடியில், நம் ‘முயன்றார்’. ஜெர்மன் பள்ளிகளில் 1 உச்சம், 6 படுதோல்வி. அதே கணக்குத்தான் இங்கேயும். ‘முழு’ என்பதற்கு மேல் ‘மிக முழு’ எப்படி வரும் என்று இலக்கணக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். நியாயமான முணுமுணுப்பு. ஆனால் அந்த இலக்கணப் பிழைக்குத்தான் முதல் மதிப்பெண்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்புப் பணியில் இருந்த பெண் ஒருவர், தன் சான்றில் ‘எப்போதும்’ என்ற ஒரு சொல் விடுபட்டதற்காகத் தொடுத்த வழக்கு, எர்ஃபுர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. 2014 நவம்பரில் வந்த தீர்ப்பு, மூன்றாம் தரமே நடுநிலை என்றது. அதற்கு மேல் வேண்டும் என்கிற தொழிலாளிதான் தன் வேலை அவ்வளவு சிறப்பாக இருந்தது என்று நிரூபிக்கவேண்டும்.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. வரன் விசாரிக்கப் போன இடத்தில் “பையன் நல்ல பையன்தான்” என்று பதில் வந்தால், அந்த ‘தான்’ காதில் விழுந்த மாத்திரத்தில் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடமாட்டோமா? சொல்லக்கூடியவை வரிசையாக இருக்க, அவற்றில் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதிலிருந்துதான் சொன்னதன் எடை தெரிகிறது.

ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த வரிசை கூட வருவதில்லை. மூன்றாம் தரத்துக்குரிய வரியை அப்படியே ‘டு அவர் ஃபுல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்று போட்டால், படிக்கிற அமெரிக்கர் “ஆஹா, முழுத் திருப்தியாமே” என்று மகிழ்ந்துபோவார். முதல் தரத்துக்காரரின் கதி இதைவிடப் பரிதாபம். ‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘எக்ஸெப்ஷனல்’ என்று வாரி இறைத்துப் பழகிய கண்ணுக்கு, வெறும் ‘திருப்தி’ என்ற சொல்லே கையிருப்புக் கணக்குப் பார்த்தது போல வறண்டு தெரியும். ஆக, நேரடி மொழிபெயர்ப்பில் சுமாரானவர் உயர்கிறார், கெட்டிக்காரர் தாழ்கிறார். ஒவ்வொரு வரியும் அகராதிப்படி சரியாகவே இருக்கும்.

‘பெம்யூட்’டுக்கு என்ன போடுவது? ‘ஸ்ட்ரோவ்’ என்றால் காவிய நாயகன் மலையேறுகிற தொனி. ‘மேட் எவ்ரி எஃபர்ட்’ என்றால் அந்த ‘எவ்ரி’ பாராட்டாகிவிடும். வெறும் ‘ட்ரைட்’ முகத்தில் அடிக்கும். ஜெர்மன் வாக்கியம் அடிப்பதில்லை, சட்டம் போர்த்திய பட்டுச் சால்வையோடு நிற்கிறது. பிரிட்டிஷ் வாசகர் என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பள்ளி அறிக்கையில் ‘ட்ரைஸ் ஹார்ட்’ என்று ஆசிரியர் எழுதினால் பையனுக்குப் பாடம் ஏறவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ‘க்வைட் குட்’ என்பதையே லண்டன்காரர் ‘பரவாயில்லை’ என்றும் சிகாகோக்காரர் ‘ரொம்ப நல்லது’ என்றும் கேட்கும் உலகம் இது. எந்த ஆங்கிலத்துக்குப் போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது அதனால்தான். பெரும்பாலும் நான் போய் நிற்கும் இடம் ‘என்டெவர்ட்’. பழைய கோட்டு மாட்டிய சொல், சூடு கிடையாது, மரியாதை உண்டு. பக்கத்தில் ஒரு உரிச்சொல்லையும் சேர்க்காமல், விளைவு எதுவும் சொல்லப்படாத அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடவேண்டும். ஜெர்மன் வாக்கியத்தின் வேலை அந்த வெற்றிடத்தில்தான் நடக்கிறது.

இதே ஜெர்மன் வினைச்சொல் கவிஞர் கதேயிடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். 1832இல் வெளிவந்த அவருடைய ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாக முடிவில், விண்ணவர்கள் நாயகன் ஃபௌஸ்டின் ஆன்மாவை மேலே கொண்டு போகிறார்கள். அவனை மீட்கலாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தில் இந்த வினையும் இருக்கிறது. அங்கே ‘ஸ்ட்ரைவ்’ போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிசாசோடு ஒப்பந்தம் போட்டவனுக்கே மோட்சம் கொடுத்த சொல், மனிதவளத் துறைக்கு வந்ததும் ஆளை வெளியே தள்ளுகிறது. திரைப்பட விமர்சனத்தில் ஒரு படத்தை ‘பெம்யூட்’ என்றால் நோக்கம் நல்லது, கலை கூடவில்லை என்று பொருள். அங்கே ‘லேபர்ட்’ பொருந்தும்.

ஒப்பந்தங்களில் நிலைமை தலைகீழ். அங்கே ஏணி ஆங்கிலத்தின் கையில். ‘ரீசனபிள் என்டெவர்ஸ்’, ‘ஆல் ரீசனபிள் என்டெவர்ஸ்’, ‘பெஸ்ட் என்டெவர்ஸ்’ என்று ஒன்றைவிட ஒன்று கனமான கடமைகளாக இங்கிலாந்து வழக்கறிஞர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் ஒப்பந்தம் சாதாரணமாக ‘முயல்வோம்’ என்று சொன்ன இடத்தில், ஓசைக்காக ஒரு ‘பெஸ்ட்’ சேர்த்தால் நம் கட்சிக்காரர் தலையில் அவர் ஒப்புக்கொள்ளாத பாரத்தை ஏற்றினதாகும். அங்கே ‘என்டெவர்’ பக்கமே நான் போவதில்லை. ‘சீக் டு’ போதும்.

மறுபடியும் சான்றுக்கு வருகிறேன். காசு கொடுப்பவர் சான்றுக்கு உரியவர். “கொஞ்சம் பாசிட்டிவா போடுங்க சார்” என்று கேட்பதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. தன்னை வைதிருக்கிறார்கள் என்றே பலருக்குத் தெரியாது. தெரிவித்துவிடுவேன், ஆனால் வரியை உயர்த்த மாட்டேன், தாழ்த்தவும் மாட்டேன். ‘முழுத் திருப்தி’ என்பதற்கு ‘சராசரி’ என்று விளக்கம் எழுதுவது மொழிபெயர்ப்பாளன் வேலை அல்ல, அது தீர்ப்பு. நான் செய்வது, ஜெர்மன் பணிச்சான்றுகள் தரவரிசை கொண்ட நிலையான வாய்பாடுகளில் எழுதப்படுபவை, இங்கே அந்தப் படிநிலை காக்கப்பட்டிருக்கிறது என்று அடியில் ஒரு குறிப்பு. எல்லோருக்கும் ஒரே குறிப்பு. அதனால் முதல் தரத்துக்காரருக்கு உரிய பெருமையும் ஓரளவு போய்ச் சேர்கிறது.

குறிப்பாலும் காப்பாற்ற முடியாதவை உண்டு. மேலதிகாரி, சக ஊழியர், வாடிக்கையாளர் என்பது வழக்கமான வரிசை. சக ஊழியரை முன்னால் போட்டு மேலதிகாரியைப் பின்னால் தள்ளியிருந்தால் மேலே உரசல் என்று படிப்பார்கள். துறைத் தலைவரின் நேரந்தவறாமையைப் பாராட்டினால் வேறு பாராட்ட ஒன்றுமில்லை என்று ஆகும். காசாளரின் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் அது பெரிய வார்த்தை. இல்லாததை எப்படி மொழிபெயர்ப்பது? வரிசையைக் குலைக்காமல், விட்டதை நிரப்பாமல் தாண்டிப் போகவேண்டியதுதான்.

கடைசிப் பத்தியில்தான் ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. நன்றி, பிரிய வருத்தம், வாழ்த்து மூன்றும் இருந்தால் மனமார்ந்த வழியனுப்பு. இவற்றைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை கிடையாது என்று அதே எர்ஃபுர்ட் நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டதால், தானாகக் கொடுத்தால் அதற்கு மதிப்பு. ‘வெற்றி பெற வாழ்த்துகள்’ என்பதற்கும் ‘தொடர்ந்து வெற்றி பெற வாழ்த்துகள்’ என்பதற்கும் உள்ள தூரத்தை ‘கன்டின்யூட் சக்ஸஸ்’ அப்படியே கடத்திவிடும். ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்’ என்று இல்லாமல் ‘இரு தரப்பும் இசைந்து பிரிந்தோம்’ என்று இருந்தால் ‘பை மியூச்சுவல் கன்சென்ட்’ என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். கால்பந்துப் பயிற்சியாளர்களை இங்கிலாந்துக் கிளப்புகள் வீட்டுக்கு அனுப்பும்போது அறிக்கையில் எழுதுவதும் அதையேதான். படிக்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது.